ஒரு மூட்டை இழுவை

அந்தப் பட்டறையில் வண்டியின் இழுவையை எண்ணில் சொல்லும் பழக்கம் இல்லை. கம்பெனிக்காரர்கள் அச்சடித்து அனுப்பும் குதிரைத்திறன் காகிதத்தைப் பட்டறைக்காரன் ஒருமுறை பார்ப்பான். பிறகு நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்துவிடுவான். அவனுக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். வண்டி மூட்டையை ஏற்றுகிறதா, இல்லையா.

மூட்டை என்பது அவனுடைய அக்கா வீட்டுக்காரர். வயது நாற்பத்தெட்டு. எடை நூற்று முப்பத்தோரு கிலோ. பெயர் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்தது. வைத்தவன் இன்று எங்கே இருக்கிறானோ, பெயர் மட்டும் ஊர் ஊராகக் கூடவே வந்துவிட்டது.

பட்டறைக்கு வருமுன் இருபத்திரண்டு வருஷம், பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டினார். உள்ளே ‘எட்டுப் பேர்’ என்று பலகை இருக்கும். இவரோடு சேர்த்து ஏழு பேர் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. எட்டாவது ஆள் கால் வைத்ததும் மணி அடிக்கும். எல்லோரும் அந்த எட்டாவது ஆளைப் பார்ப்பார்கள். அந்த ஆள் இவரைப் பார்ப்பார். இவர் கூரையைப் பார்ப்பார். பிறகு அந்த ஆள் இறங்கிப் படிக்கட்டு வழியாகப் போவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். பொத்தானை அழுத்தினால் தானே ஓடுகிற லிஃப்ட் வந்து இவருக்கு வேலை போனபோது, போனது வேலை மட்டும் இல்லை, அந்த மணியும்தான் என்று ஒரு நிம்மதி இருந்ததாக மனைவியிடம் சொன்னார்.

அவர் எதிலும் முழுசாக உட்கார்ந்ததில்லை. நாற்காலியோ, கட்டிலோ, பஸ் சீட்டோ, பாதி எடையைத் தன் கால்களிலேயே வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரிச் சீருடைகள் தைக்கிறவள். துணிக்குள் உடம்பு எப்படி நிற்கிறது என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது. கல்யாணமான புதிதில், “சேருக்கு ஒண்ணும் ஆகாது, உட்காருங்க” என்றாள். உட்கார்ந்தார். ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொல்வதில்லை.

வேலை போனதும் பட்டறைக்கார மைத்துனன் கூப்பிட்டான். பட்டறையில் ரெஜிஸ்டர் எழுத, உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அங்கே வருவதெல்லாம் குவாட் பைக்குகள். மோட்டார் சைக்கிள் மாதிரியே கைப்பிடியும் சீட்டும் இருக்கும், ஆனால் கீழே நான்கு தடித்த சக்கரங்கள். பண்ணையில் தீவனம் சுமக்கும் வகை இல்லை, மண்பாதையில் பந்தயம் விடும் வகை. ஒல்லியான உடம்பு, ஒரே ஆளுக்கு இடம். வேகம் கூட்ட வலது பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன நெம்பு. அவ்வளவுதான்.

முதல் ஒரு வருஷம் மூட்டை வண்டிகளின் பக்கமே போகவில்லை. அலமாரிப் பெட்டிகளில் இருந்த பித்தளைத் திருகுகளை அளவுவாரியாக அடுக்கி வைத்தார். அவற்றைத் திருகு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மைத்துனன் அதில் ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோதுதான், நடுவில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருப்பது தெரிந்தது. இதற்கு ஜெட் என்று பெயர், பெட்ரோல் இதன் வழியாகத்தான் எஞ்சினுக்குள் போகிறது, துளை ஒரு சுற்றுப் பெரிதானால் வண்டியின் குணமே மாறிவிடும் என்றான். மூட்டை அந்த ஜெட்டை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு வருஷமாக அவர் எண்ணி எண்ணிப் போட்டது திருகு இல்லை, வண்டிகளின் மூச்சுக்குழாய்.

பட்டறைக்குப் பின்னால் கைவிட்ட கல் குவாரி. லாரிகள் ஏறிய சரிவுப்பாதை அப்படியே கிடந்தது. நடந்து ஏறினால் பாதியில் இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டும், அப்படி ஒரு ஏற்றம். பாதையோரம் ஐந்து கற்களுக்கு மைத்துனன் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான். பரீட்சை அங்கேதான். மெல்ல ஓடுகிறவன் வேகத்தில், மூன்றாவது கியரில் சரிவின் அடிக்கு வர வேண்டும். வந்ததும் பெருவிரலைக் கடைசிவரை அழுத்த வேண்டும். கிளட்சைத் தொடக் கூடாது, கியரை இறக்கக் கூடாது. அடியில் பலமுள்ள எஞ்சின் தூக்கிக்கொண்டு போகும். பலமில்லாதது நடுங்கி, விக்கி, பாதியில் நின்றுவிடும்.

மைத்துனனுக்கு இதில் ஒரு தொல்லை. அவன் எடை ஐம்பத்து நான்கு கிலோ. அவனை ஏற்றாத வண்டி உலகத்தில் இல்லை. அவன் பாஸ் போட்ட வண்டியை வாங்கிப்போன பருத்த வாடிக்கையாளர் ஒருவர் மூன்றாம் முறையும் திரும்பி வந்து, இதில் இழுவையே இல்லை என்று வண்டியை விட்டுவிட்டுப் போனார். மைத்துனன் வண்டியைப் பார்த்தான். ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தான்.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் இதுல உட்காருங்க.”

“எதுக்கு?”

“வெயிட்டுக்கு.”

மாமா தப்பாக நினைக்கவில்லை, பயந்துதான் போனார். சின்ன வயசில் சைக்கிள் ஒன்று அவருக்குக் கீழே மடிந்திருக்கிறது. மூன்று நாள் சமதரையில் பழக்கிய பிறகுதான் சரிவுக்கு வரச் சம்மதித்தார். அந்த மூன்று நாளில் மைத்துனன் புகைக்குழாயை மாற்றி, ஜெட்டை மாற்றி, வண்டியைத் தயார் செய்துவிட்டான்.

அன்று நடந்ததை மூட்டை பல பேரிடம் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் சொல்ல முடியாமல் நிறுத்தியும் இருக்கிறார். சரிவின் அடிக்கு வந்தார். பெருவிரலை அழுத்தினார். தள்ளினது என்று சொல்ல முடியாது. தள்ளுவது என்றால் முதலில் மேலே கை படும், பிறகு நகர்வோம். இதில் முதலும் பிறகும் இல்லை. எஞ்சின் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. அவ்வளவுதான், தரை கீழே போயிற்று. வயிறு முதுகோடு போய் ஒட்டியது. முதல் கல், இரண்டாவது கல் என்று எண்ண வைத்திருந்த கற்கள் ஒரே வெள்ளைக் கோடாக ஓடின. உச்சியில் பெருவிரலை எடுத்தபோது அவர் கவனித்தது வேறு ஒன்றை. அவருடைய இரண்டு கால்களும் பாதப்பலகையில் சும்மா இருந்தன. எதையும் தாங்கவில்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு முழுசாக உட்கார்ந்திருந்தார்.

மைத்துனன் மூச்சு வாங்க ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டான். பதிலுக்கு, “இதுக்கு நான் கனமே இல்லடா மாப்ள” என்றார். கண்ணில் தண்ணீர் இருந்தது. மண் விழுந்திருக்கும் என்று இரண்டு பேருமே முடிவு செய்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மைத்துனன் அவருக்கு விளக்கினான். நேர்ப்பாதையில் உச்ச வேகம் எடுப்பது பெரிய காரியம் இல்லை, இடம் கொடுத்தால் எல்லா எஞ்சினும் எடுத்துவிடும். வளைவில் வேகம் செத்த பிறகு, மணலில் பாதி புதைந்தபடி, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெருவிரல் கேட்டதும் கொடுக்க வேண்டும். அதுதான் அடி இழுவை. பந்தயத்தில் ஜெயிக்கிறவர்கள் வளைவின் வாயில்தான் ஜெயிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு மூட்டை ஏறாமல் ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. ஏறினதும் பின் மட்கார்டில் சுண்ணாம்புக் கட்டியால் ‘மூ’ என்று எழுதுவார். வாடிக்கையாளர்கள் போனில், “வண்டி ரெடியா?” என்று கேட்பதை விட்டு, “மூட்டை ஏறிட்டாரா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரன் ஒருவன், தன் வண்டி ஒன்றரை மூட்டை இழுக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததாகக்கூடக் கேள்வி. பள்ளிக்கூடத்துப் பெயர் இப்போது அவருக்கு உறுத்தவில்லை.

எடை மட்டும் இல்லை, அவருக்கு ஒரு கூர்மையும் வந்திருந்தது. ஏறி இறங்கி வந்து, மூன்றாவது கல்லுக்கிட்ட ஒரு விக்கல், அரை நொடிகூட இல்லை, என்பார். மைத்துனன் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை ஒரு காடி, அதாவது ஒரு வெட்டு, உயர்த்துவான். விக்கல் போய்விடும். எஞ்சினுக்குள் எங்கேயோ ஒரு சொட்டுப் பெட்ரோல் நேரத்துக்கு வராததை இந்த மனிதர் இடுப்பால் கண்டுபிடிக்கிறார் என்று மைத்துனனே ஊரெல்லாம் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் தணியும்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு வலது முழங்கால் மடங்க மறுத்தது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். முப்பது கிலோவாவது இறங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருஷத்தில் கைத்தடி, அப்புறம் சக்கர நாற்காலி. இருதயத்தைப் பற்றியும் ஏதோ சொன்னார். மூட்டை அதைக் காதில் வாங்கவில்லை. மனைவி வாங்கினாள்.

அவள் அழவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. மறுநாளிலிருந்து தட்டைச் சின்னதாக்கினாள். காலையில் அவர் கூடவே நடந்தாள். மாதம் ஒருமுறை தையல் நாடாவை அவர் இடுப்பில் போட்டுப் பார்த்து, சுவரில் பென்சிலால் கோடு கிழித்தாள். எடை இறங்கத் தொடங்கியது. முழங்கால் மடங்கியது. அவருக்கு அதில் சந்தோஷம்தான், வீட்டுக்குள் இருக்கும்வரை.

வாசலைத் தாண்டினால் வேறு பயம். இளைத்தால் மூட்டை எப்படி மூட்டையாக இருக்க முடியும்? ரெஜிஸ்டர் எழுத யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஐம்பது வயசை நெருங்கும்போது இறங்கச் சொல்லும் இன்னொரு மணியோசையைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. அதனால் பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். பெல்ட்டில் ஆணியால் புதிது புதிதாகத் துளை போட்டார். சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் பட்டறைக் கோட்டு. மனைவி ஒருநாள், இளைத்ததை மறைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். வெயில் நாளில் ஸ்வெட்டர் எதற்கு என்று மைத்துனன் கேட்டான். சளி என்றார். ஐந்து மாதம் சளி.

அந்த ஐந்து மாதத்தில் பட்டறையில் ஓர் அதிசயம் நடந்தது. எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் முதல் தடவையிலேயே சரிவில் ஏறியது. முன்னெல்லாம் மூன்று தரம், நான்கு தரம் ஜெட் மாற்றி, ஊசி மாற்றித்தான் ஒரு வண்டி தேறும். இப்போது மைத்துனன் தொட்டாலே போதும். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு வருஷ வேலைக்குப் பிறகு கையில் ஒரு பக்குவம் வந்துவிட்டது என்று அக்காவிடம் போனில் சொன்னான். மூட்டையும் அதை நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

ஒரே ஒரு முறை நம்ப முடியவில்லை. பல் டாக்டர் அம்மாவின் வண்டி அது. நாற்பது வயசுக்கு மேல் பந்தயத்துக்கு வந்தவர், வாயைத் திறக்கச் சொல்கிற அதே அமைதியான குரலில் எல்லாவற்றையும் பேசுவார். நேர்ப்பாதையில் இன்னும் வேகம் வேண்டும் என்று கேட்டதால் மைத்துனன் அகலமான புகைக்குழாய் போட்டிருந்தான். அகலக் குழாய் மேல் வேகத்தைக் கூட்டும், அடி இழுவையைக் கொஞ்சம் தின்னும். எவ்வளவு தின்றது என்பதைத்தான் சரிவு சொல்ல வேண்டும்.

மூட்டை ஏறினார். மூன்றாவது கல்லில் வண்டி ஒரு மிடறு விழுங்கியது. பழைய நாளாக இருந்தால் அங்கேயே நின்றிருக்கும். இது நிற்கவில்லை. விழுங்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு போயிற்று. உச்சியில் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து மட்கார்டில் ‘மூ’ என்று எழுதினார்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்க, பட்டறைக்கு வந்தார். காறை எலும்பு உடைந்திருந்தது. பந்தயத்தில் கடைசி வளைவு, அதற்கப்புறம் ஒரு மேடு. வளைவிலிருந்து வெளியே வந்து பெருவிரலை அழுத்தியிருக்கிறார். வண்டி அரை நொடி யோசித்திருக்கிறது. பின்னால் வந்தவர் யோசிக்கவில்லை. அவருடைய முன்சக்கரம் இவர் பின்சக்கரத்தின் மேலேயே ஏறிவிட்டது. இன்னும் ஆறு வாரத்துக்குப் பல் பிடுங்க முடியாது என்றார், ஏதோ மற்றவர்களுக்காக வருத்தப்படுவதுபோல.

மைத்துனன் வெளுத்துப் போனான். மூட்டை ஏறின வண்டி அது, ரெஜிஸ்டரில் இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டினான். அந்த அம்மா ரெஜிஸ்டரைப் பார்க்கவில்லை. மூட்டையை, கழுத்திலிருந்து கால்வரை, நிதானமாகப் பார்த்தார்.

“நீங்க இளைச்சிருக்கீங்க.”

“சளி...” என்று தொடங்கினார் மூட்டை. பிறகு நிறுத்திவிட்டார். கோட்டைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். பெல்ட்டின் வால் இடுப்பைச் சுற்றி முதுகுவரை போயிருந்தது. யாரும் சொல்லாமலே, பார்சல் எடை போடும் மேடையில் போய் ஏறி நின்றார். முள் நூற்று நான்கில் நின்றது.

மைத்துனன் வாய்க்குள் கழித்துப் பார்ப்பது தெரிந்தது. இருபத்தேழு.

“பக்குவம் என் கைக்கு வந்துச்சுன்னு நெனச்சேன் மாமா” என்றான் கடைசியில். “உங்க தொப்பைக்கு வந்திருக்கு.”

அதோடு முடிந்திருக்கலாம். தெரியாமல் நடந்தது என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். மூட்டை மேடையிலிருந்து இறங்கி அந்த அம்மாவுக்கு நேராக வந்து நின்றார்.

“மூணாவது கல்லுல ஒரு மிடறு விழுங்குச்சும்மா. எனக்குத் தெரிஞ்சுது. ஏறிடுச்சேன்னு விட்டுட்டேன். ஏன் ஏறுச்சுன்னு கேட்டா, நான் இளைச்சதைச் சொல்ல வேண்டியிருக்கும்.”

அந்த அம்மா தூளியைச் சரிசெய்துகொண்டார். கோபப்பட்டிருந்தால் மூட்டைக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் வண்டி போக, இந்த ஐந்து மாதத்தில் இப்படி எத்தனை வண்டி வெளியே போனது என்று கேட்டார். ஒன்பது. அவற்றை முதலில் கூப்பிடுங்கள், என் வண்டியைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மைத்துனன் அன்றே எல்லோருக்கும் போன் செய்தான். வண்டியை எடுக்காதீர்கள், ‘மூ’வில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்றான். அதைச் சொல்வது அவனுக்கு எளிதாக இல்லை. ஒவ்வொரு போனுக்கும் எழுந்து நின்று பேசினான்.

அன்று சாப்பாட்டில் மூட்டை இரண்டாம் முறை தட்டை நீட்டினார். மனைவி கேள்வி கேட்காமல் வைத்தாள். மூன்றாம் முறையும் நீட்டினார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“சாப்பிடுங்க. எதுக்காக சாப்பிடறீங்கன்னு சொல்லிட்டு சாப்பிடுங்க.”

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்: மணியோசை, பெல்ட், மூன்றாவது கல், உடைந்த காறை எலும்பு. அந்த இருபத்தேழு கிலோ திரும்ப வந்தால் வேலை இருக்கும். வராவிட்டால் தான் ரெஜிஸ்டர் எழுதுகிற ஆள் மட்டும்தான். அவள் கேட்டு முடித்தாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். கழுவும்போது பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள் மைத்துனன் தன் வழியில் ஒரு தீர்வு கண்டான். கனம்தானே வேண்டும், மணல் மூட்டைக்கா பஞ்சம்? தன்னுடைய ஐம்பத்து நான்கோடு எழுபத்தேழு கிலோ மணலைச் சேர்த்தால் பழைய மூட்டை வந்துவிடும். சீட்டுக்குப் பின்னால் இரண்டு சாக்குகளைக் கட்டிக்கொண்டு சரிவுக்குப் போனான். பெருவிரலை அழுத்தினான். பின்னால் அவ்வளவு கனம் இருந்தால் முன்சக்கரம் என்ன செய்யும் என்று பதினாறு வருஷ அனுபவம் அவனுக்குச் சொல்லவில்லை. வண்டி கும்பிடுவது மாதிரி இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கியது, அப்படியே மல்லாந்தது. அவன் நல்ல வேளையாகப் பக்கவாட்டில் தெறித்து விழுந்தான். மணல் அவன் மேல் கொட்டியது. மூட்டை ஓடிவந்து தூக்கினார். அவர் ஓடி வந்ததை இரண்டு பேருமே அப்போது கவனிக்கவில்லை.

“இதை வச்சு என்ன மாமா அளக்கறது” என்றான் மணலைத் துப்பிக்கொண்டே. “சாக்கு ஏறும், சாக்கு விழும். எங்க விக்குச்சுன்னு சாக்கு சொல்லுமா?”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மைத்துனன் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டான். என்ன பேசினார்கள் என்பது மூட்டைக்குச் சொல்லப்படவில்லை. மறுநாள் அவள் ஆஸ்பத்திரிச் சீருடைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சருக்குப் போடும் கித்தானில் ஒரு துண்டை விரித்தாள். அவரை நிற்க வைத்து அளவெடுத்தாள். எந்த இடத்தில் போன சதை எந்த இடத்தில் இருந்தது என்று அவளுக்கு நாடா இல்லாமலே தெரியும். வயிற்றில் இவ்வளவு, மார்பில் இவ்வளவு, முதுகில் கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம். ஆளுக்கு எப்படி இருந்ததோ அப்படியே. மூன்று நாள் மெஷின் ஓடியது. முடிந்தபோது அது கையில்லாத ஒரு கோட்டு, உடம்பெல்லாம் வரிசை வரிசையாகப் பைகள். ஒரு பைக்கு ஒரு கிலோ மணல், மேலே கூடாரக் கொக்கி.

“பத்து நிமிஷம் போட்டுக்கலாம். சரிவை விட்டு இறங்கினதும் கழட்டிடணும்” என்றாள். “வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க.”

பரீட்சைக்கு அவளும் வந்தாள். அத்தனை வருஷத்தில் அந்தச் சரிவுப் பக்கம் அவள் வந்ததில்லை. பல் டாக்டர் அம்மாவும் தூளியோடு வந்து ஓரமாக நின்றார். மற்ற ஒன்பது வண்டிகள் ஒரு வாரமாக வந்துகொண்டிருந்தன. மடியில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு தட்டுத்தடுமாறி மூட்டை ஏறிப் பார்த்ததில் நான்கு நின்றுவிட்டன, மைத்துனன் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிசெய்திருந்தான். இது கடைசி வண்டி. அகலக் குழாயை இன்னும் கழற்றவில்லை. கழற்றுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மாவே கேட்டிருந்தார்.

மைத்துனனும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கோட்டை மாட்டினார்கள். மூட்டை ஒரு அடி எடுத்து வைத்தார். நின்றார். இன்னொரு அடி வைத்தார். முழங்கால் உடனே ஞாபகப்படுத்தியது. கையை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தார்.

“இதோடவா நான் தூங்கினேன்?” என்றார்.

அவர் அதை அவர்களிடம் கேட்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்தார். ஓடுகிறவன் வேகத்தில் அடிக்கு வந்தார், பெருவிரலை அழுத்தினார். முதல் கல். இரண்டாவது கல். மூன்றாவதில் எஞ்சின் விக்கியது, நடுங்கியது, ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது. அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். பந்தயத்தில் தனக்கு என்ன நடந்தது என்பதை அப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர் மாதிரி.

மைத்துனன் வேலையைத் தொடங்கினான். அகலக் குழாய் போய்ப் பழைய ஒடுக்கக் குழாய் வந்தது. சங்கிலி ஓடும் முன்பக்கப் பற்சக்கரத்தை மாற்றினான், பதினான்கு பல் இருந்த இடத்தில் பதின்மூன்று. ஒரு பல். ஊசியை ஒரு காடி உயர்த்தினான். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இன்னொன்றைப் போட்டான். மூட்டையின் மனைவி அந்தப் பித்தளைத் துண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஊசிக் காதில் வாழ்நாளெல்லாம் நூல் கோர்த்தவளுக்கே அந்தத் துளையைக் கண்டுபிடிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. இதற்குள்ளேயா இத்தனையும் என்று தம்பியிடம் கேட்டாள். ஆமாக்கா என்றான்.

இரண்டாவது முறை அவர் சரிவின் அடிக்கு வரும்போது அவள் ஓரமாக, நான்காவது கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கீழே அவர் பெருவிரல் அசைந்தது. ஒரு விரல், அதுவும் பாதி. அவள் பார்த்தது அதை மட்டும்தான். அடுத்த கணம் அந்தச் சத்தம் அவள் காதுக்கு வருமுன் உள்ளங்கால் வழியாக ஏறிப் பற்களில் வந்து நின்றது. பின்சக்கரம் இரண்டும் மண்ணைக் கொத்தாகப் பிய்த்து எறிந்தன. அவள் எண்ணித் தைத்த அத்தனை கிலோவும், அவள் இருபது வருஷமாக நாற்காலிகளுக்காகப் பயந்த அந்த மனிதரும், அந்த இரும்பும் ஒன்றாகச் சேர்ந்து, ஏதோ மேலிருந்து யாரோ கொத்தாகப் பிடித்து இழுத்ததுபோல அவளைக் கடந்து போனார்கள். காற்று அவள் சேலைத் தலைப்பை இழுத்தது. மூன்றாவது கல்லில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது கல் இருந்ததாகவே தெரியவில்லை.

உச்சியில் எஞ்சினின் சத்தம் தணிந்து, நின்ற இடத்தில் தாளம் போடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள், மூட மறந்திருந்தாள். பக்கத்திலிருந்த பல் டாக்டர் அம்மா, தொழில் பழக்கத்தில், உள்ளே பார்த்ததாகப் பிறகு மைத்துனன் ஒரு கதை கட்டினான்.

மூட்டை இறங்கி வந்ததும் எங்கும் விக்கல் இல்லை, இரண்டாவது கல்லில் மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்பு, அதுவும் சங்கிலியாகத்தான் இருக்கும் என்றார். மைத்துனன் குனிந்து பார்த்தான். சங்கிலி அரை விரல் தளர்ந்திருந்தது. அந்த அம்மா நல்ல கையால் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் மட்கார்டில் எழுதினார். எழுதும்போது அவசரப்படவில்லை.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது என்று மனைவி சொன்னாள். கோட்டைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முழங்கால் உயரம் தூக்கி, பத்திரமாகத் திரும்ப வைத்தாள். பைகளை எண்ணியவாறே மூட்டை கேட்டார்:

“முப்பத்தஞ்சு பை இருக்கே. மணல் இருபத்தேழுலதான் இருக்கு. மீதி எட்டு எதுக்கு?”

அவள் அவர் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கொக்கிகள் எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

“அதெல்லாம் இன்னும் வர வேண்டியது” என்றாள்.